கேள்வி - பதில்: சட்டத்தின் வரி அப்படியே இருக்கிறது, அர்த்தம் மட்டும் ஏன் மாறுகிறது?

கேள்வி: அரசியலமைப்புச் சட்டத்தில் ஒரு எழுத்துகூட மாறாத பிரிவுக்கு ஒரு காலத்தில் ஒரு பொருளும் இன்னொரு காலத்தில் வேறொரு பொருளும் சொல்கிறது உச்ச நீதிமன்றம். அப்படியானால் நீதிபதிகளே சட்டம் எழுதுகிறார்கள் என்றுதானே அர்த்தம்?

பதில்: பாதி சரி. மீதிப் பாதிக்கு 21-வது பிரிவின் கதையைச் சொல்ல வேண்டும். சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறைப்படி அல்லாமல் யாருடைய உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது. அந்தப் பிரிவு சொல்வது இவ்வளவுதான், ஒரே ஒரு வாக்கியம்.

1950 ஜனவரி 26-இல் சாசனம் நடைமுறைக்கு வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் சென்னை மாகாண அரசின் தடுப்புக் காவலை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. நாடாளுமன்றம் முறைப்படி ஒரு சட்டம் போட்டு, அதில் சொன்ன நடைமுறையை அரசு பின்பற்றியிருந்தால் போதும், அந்த நடைமுறை நியாயமானதா என்று நாங்கள் பார்க்க மாட்டோம் என்றார்கள் பெரும்பான்மை நீதிபதிகள். வரியை மட்டும் படித்தால் அதில் தப்பும் இல்லை. ஆனால் நீதிபதி ஃபசல் அலி ஒத்துக்கொள்ளவில்லை. விசாரணையே இல்லாமல் ஒருவரை உள்ளே வைக்க வழிசெய்யும் ஒன்றை நடைமுறை என்று எப்படிச் சொல்ல முடியும் என்பதும், உரிமைகள் பற்றிய பிரிவுகளைத் தனித்தனிப் பெட்டிகளாகப் பார்க்கக் கூடாது என்பதும்தான் அவருடைய மாறுபட்ட தீர்ப்பின் சாரம்.

அவர் சொன்னது ஜெயிக்க 28 வருஷம் ஆனது. 1977-இல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை அரசு பறிமுதல் செய்தது. காரணம் கேட்டால், பொதுநலன் கருதிச் சொல்ல முடியாது என்று பதில் வந்தது. 1978 ஜனவரியில் ஏழு நீதிபதிகள் அமர்வு சொன்னது: நடைமுறை என்று ஏதோ ஒன்று இருந்தால் போதாது, அது நியாயமாகவும் முறையாகவும் தன்னிச்சைக்கு இடம் கொடுக்காததாகவும் இருக்க வேண்டும், சமத்துவம் பேசும் 14, சுதந்திரங்களைச் சொல்லும் 19, உயிரைக் காக்கும் 21 மூன்றையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இங்கே உங்கள் சந்தேகத்துக்கு ஒரு வலுவான ஆதாரமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. அரசியல் நிர்ணய சபையில் முதலில் இருந்த வரைவு வேறு. அமெரிக்க சாசனத்தில் இருப்பதுபோல, சட்டம் நியாயமானதா என்று நீதிமன்றமே எடை போட இடம் கொடுக்கும் வாசகம்தான் பேச்சில் இருந்தது. ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்கா போய் நீதிபதி ஃபெலிக்ஸ் ஃபிராங்ஃபர்ட்டரைச் சந்தித்து வந்த பிறகு, நீதிபதிகள் கையில் அவ்வளவு அதிகாரம் வேண்டாம் என்ற எண்ணம் வலுத்தது, ஜப்பான் சாசனத்தில் இருந்த சொற்றொடரை எடுத்துக்கொண்டார்கள். அதாவது வேண்டாம் என்று தெரிந்தே விட்ட ஒன்றை 1978-இல் நீதிமன்றம் பின்வாசல் வழியாகக் கொண்டுவந்தது என்று வாதாடலாம், வாதாடியும் இருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், அப்படியும் 1978 தீர்ப்புதான் சரி. எழுதியவர்கள் மனதில் என்ன நினைத்தார்கள் என்பதற்கு மதிப்பு உண்டு, ஆனால் அவர்கள் நமக்குக் கொடுத்தது முழுப் புத்தகம். அதே புத்தகத்தில் 14-வது பிரிவையும் அவர்களேதான் எழுதினார்கள். தன்னிச்சையாக நடக்கும் அரசு சட்டத்தின் முன் எல்லோரையும் சமமாக நடத்துவதாகச் சொல்லவே முடியாது. 21-ஐ மட்டும் தனியாகப் பிய்த்துப் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு நடுவில் ஒரு கொடுமையான உதாரணமும் நடந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், விசாரணையின்றிச் சிறையில் இருப்பவர், காவல் சட்டப்படியானதா என்று நீதிமன்றத்தைக் கேட்கும் ஆட்கொணர்வு மனுவைப் போட முடியுமா என்று கேள்வி வந்தபோது, முடியும் என்ற பக்கம் நின்ற ஒன்பது உயர் நீதிமன்றங்களின் தீர்ப்புகளையும் தாண்டி, 1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் முடியாது என்றார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்தார். அடுத்த ஜனவரியில் அவருக்கு வரவேண்டிய தலைமை நீதிபதி பதவி அவருக்கு இளையவருக்குப் போனது, கன்னா ராஜினாமா செய்தார்.

2017-இல் அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்ன புட்டசாமி வழக்கில்தான் அந்த 1976 தீர்ப்பு தவறென்று வெளிப்படையாகத் தூக்கி எறியப்பட்டது. 1976 பெரும்பான்மையில் ஒருவர் ஒய்.வி. சந்திரசூட், 2017-இல் அதைத் தவறென்று எழுதியவர் அவருடைய மகன் டி.ஒய். சந்திரசூட்.

கேள்வி: சரி, அப்படியானால் நீதிபதிக்கு எல்லையே இல்லையா? இன்றைக்கு நல்லது செய்யும் கை நாளைக்கு எதையும் செய்யலாமே?

பதில்: இந்தப் பயம் நியாயமானது. எல்லை இருக்கிறது, ஆனால் வேலி போட்டதுபோல் ஒரே இடத்தில் இருக்காது. சாசனத்தின் பொருள் பற்றிய முக்கியமான கேள்வி என்றால் குறைந்தது ஐந்து நீதிபதிகள் உட்கார வேண்டும் என்று 145(3) சொல்கிறது. பெரிய அமர்வு சொன்னதைச் சின்ன அமர்வு மாற்ற முடியாது. எல்லாவற்றையும்விட, காரணத்தை எழுத வேண்டும். எழுதிய காரணத்தை யாரும் படிக்கலாம், அடுத்த வழக்கில் அதையே எடுத்துவைத்து உடைக்கலாம்.

எல்லை எங்கே என்பதற்கு ஆளுநர் விவகாரத்தைப் பாருங்கள். சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஒப்புதல் தராமல் திருப்பி அனுப்புவதானால் கூடிய விரைவில் அனுப்ப வேண்டும் என்கிறது 200-வது பிரிவு, நாள் கணக்கு எதுவும் இல்லை. தமிழ்நாடு அரசு தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரலில் இரண்டு நீதிபதிகள் அமர்வு, ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் மாதக் கணக்கில் கெடு விதித்து, தேங்கிக்கிடந்த 10 மசோதாக்களுக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ள வேண்டும் என்றது. குடியரசுத் தலைவர் 143-வது பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டு 14 கேள்விகள் அனுப்பினார். நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் அப்படிக் கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவும் முடியாது, ஆனால் காரணமே சொல்லாமல் ஆளுநர் நீண்ட காலம் சும்மா இருந்தால் முடிவெடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம் என்று கருத்துச் சொன்னது.

தமிழ்நாட்டுக்காரர்கள் பலருக்கு இதில் ஏமாற்றம், எனக்கும் மசோதாக்கள் கிடப்பில் கிடந்ததில் கோபம்தான். ஆனாலும் சாசனத்தில் இல்லாத ஒரு எண்ணை நீதிமன்றம் தானே எழுதிச் சேர்ப்பதும், இருக்கிற நியாயத்தை விரித்துப் படிப்பதும் ஒன்றில்லை என்றே நினைக்கிறேன். அதே சமயம் கூடிய விரைவில் என்பதும் சாசனம் சொல்வதுதானே, அதைக் காலவரையின்றி என்று படிக்க எந்த ஆளுநருக்கும் உரிமை கிடையாது. நவம்பர் கருத்தில் திறந்துவைத்திருக்கிற அந்தச் சின்னக் கதவு வழியாக மாநிலங்கள் தைரியமாகப் போக வேண்டும்.

கேள்வி: தீர்ப்பு தவறு என்று மக்கள் நினைத்தால் வழியே இல்லையா?

பதில்: இருக்கிறது, முதலில் நடந்ததே நம் ஊர் வழக்கில்தான். சென்னை மாகாணத்தில் கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பிரித்த அரசாணை செல்லாது என்று செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எதிர்ப்பு கிளம்பியது, பெரியார் போராட்டம் நடத்தினார், ஜூன் மாதத்துக்குள் முதல் சட்டத்திருத்தம் வந்து 15(4) சேர்ந்தது. பிற்படுத்தப்பட்டோருக்கு அரசு தனி ஏற்பாடு செய்யலாம் என்பதற்கு அதுதான் ஆதாரம்.

அப்புறம், திருத்தத்துக்கும் எல்லை உண்டு. 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் உட்கார்ந்து, 7-க்கு 6 என்ற கணக்கில், சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் அழிக்க முடியாது என்றார்கள். ஒரே ஒரு நீதிபதி மாறியிருந்தால் நம் வரலாறே வேறு.

கேள்வி: சட்டம் படிக்காதவர்கள் இதையெல்லாம் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உச்ச நீதிமன்ற இணையதளத்தில் பல தீர்ப்புகள் தமிழிலேயே கிடைக்கின்றன. நூற்றுக்கணக்கான பக்கத்தைப் பார்த்து மிரள வேண்டாம். மாறுபட்ட தீர்ப்பு இருந்தால் அதை முதலில் படியுங்கள், எந்த இடத்தில் சண்டை என்று அங்கேதான் தெளிவாகத் தெரியும். அதற்கப்புறம் பெரும்பான்மைத் தீர்ப்பு அந்த வாதத்துக்குப் பதில் சொல்லியிருக்கிறதா, கண்டுகொள்ளாமல் நழுவியிருக்கிறதா என்று தேடுங்கள்.