பேஸ்மென்ட் வாசல் வெட்ட முன்

தம்பி, எந்தப் பள்ளிக்கூடம் நல்லது, என்ன கார் வாங்கலாம், எந்த ஜக்கெட் குளிரைத் தாங்கும் என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். அவற்றை உங்கள் மைத்துனரே சொல்லுவார். என்னைப் பதில் எழுத வைத்தது நீங்கள் கடைசியில் போகிற போக்கில் கேட்ட கேள்விதான். கனடாவில், ரொறன்ரோப் பக்கம் ஏஜாக்ஸில் வாங்கிய வீட்டின் பேஸ்மென்டை, அதாவது நிலத்துக்குக் கீழே உள்ள தளத்தை, வாடகைக்கு விட, பக்கச் சுவரில் தனி வாசலும் வெளியே கீழிறங்கும் படிக்கட்டும் வேண்டும். தெரிந்த ஒருவர் நகரசபைப் பெர்மிட் எடுக்காமல் ஒரு கிழமையில் முடித்துத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். கொடுக்க வேண்டாம். முன்பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றால் அந்தக் காசு போனாலும் பரவாயில்லை, வேலையை நிறுத்துங்கள்.

யாழ்ப்பாணத்தில் அத்திவாரம் வெட்டும்போது அலவாங்கு சுண்ணாம்புக் கல்லில் தட்டினால் வேலை முடிந்தது. அதன் மேல் கட்டிய வீடு பேரப்பிள்ளை காலம் வரை அசையாது. அதைப் பார்த்து வளர்ந்த நாங்கள் நிலம் அசையாது என்ற நம்பிக்கையோடுதான் இங்கே வந்து இறங்குகிறோம். இங்கே குளிர்காலத்தில் நிலம் மேலிருந்து கீழாக உறைந்துகொண்டே போகும், உறைகிற மண் எழும்பும். அதனால்தான் ரொறன்ரோப் பக்கம் அத்திவாரத்தின் அடி நிலமட்டத்திலிருந்து குறைந்தது நாலடி, அதாவது 1.2 மீற்றர் ஆழத்தில் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். இதைவிடக் குளிரான வினிப்பெக் பக்கம் இன்னும் ஆழம்.

தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 வீதம் பெருக்கும், அதுதான் வீட்டைத் தூக்குகிறது என்று பலர் சொல்லுவார்கள். அது சின்னப் பங்குதான். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, உறைகிற மண் கீழே கிடக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். இழுத்த தண்ணீர் தட்டுத் தட்டாக ஐஸாகித் தடிக்கும். 1930 அளவில் ஸ்டீபன் டேபர் என்ற அமெரிக்கப் புவியியலாளர் தண்ணீருக்குப் பதிலாகப் பென்சீனை மண்ணில் ஊறவிட்டு உறைய வைத்துப் பார்த்தார். பென்சீன் உறைந்தால் சுருங்கும். அப்படியிருந்தும் மண் எழும்பியது. இரவு வகுப்பில் இதைக் கேட்ட அன்று, அதுவரை நான் கண்ட வெடித்த படிகளும் சரிந்த வேலிகளும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. சரளைக்கல் இப்படித் தண்ணீரை இழுக்காது. வண்டலும் களியும் இழுக்கும். ஸ்காபரோவில் நான் தோண்டிய வளவுகளில் பெரும்பாலும் இந்த இழுக்கிற மண்தான்.

சரி, உங்கள் வாசலுக்கு வருகிறேன். இப்போது உங்கள் அத்திவாரம் ஆறு ஏழு அடி மண்ணுக்குக் கீழே பத்திரமாக இருக்கிறது. உறைபனி அங்கே எட்டாது. நீங்கள் படிக்கட்டுக்குப் பள்ளம் தோண்டுகிறீர்கள். தோண்டி முடித்ததும் அந்த இடத்தில் நிலமட்டம் பேஸ்மென்ட் தரை மட்டத்துக்கு இறங்கிவிடும். அத்திவாரத்தின் மேல் ஆறு ஏழு அடி மண் இருந்த இடத்தில் இனி அரை அடிகூட மிஞ்சாது. குளிர்காற்று பாரமானது, அந்தப் பள்ளத்துக்குள் போய்த் தேங்கி நிற்கும். மழைத் தண்ணீரும் உருகிய ஸ்னோவும் அதே பள்ளத்துக்குத்தான் வரும். உறைபனிக்கு வேண்டிய மண், தண்ணீர், குளிர் மூன்றையும் நாங்களே கொண்டுபோய் அத்திவாரத்தின் காலடியில் வைக்கிறோம்.

இது எனக்கு நடந்தது. 1988 மார்கழியில் வந்து ஒரு பேஸ்மென்டில் ஐந்து பேரோடு படுத்து எழும்பியவன் நான். வெளியே போக வேண்டுமென்றால் வீட்டுக்காரரின் குசினிக்குள்ளால்தான் போக வேண்டும். இரவு வேலை முடிந்து விடிய வரும்போது சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு, சத்தம் கேட்காமல் இறங்குவோம். என்றாவது எனக்கொரு வீடு வந்தால் வாடகைக்கு இருக்கிறவனுக்குத் தனி வாசல் கொடுப்பேன் என்று அன்று நினைத்தேன். 1997இல் வீடு வாங்கினேன், 1999இல் வாசல் வெட்டினேன். செய்து தந்தவர் எங்கள் ஆள். பெர்மிட்டும் இல்லை, வரைபடமும் இல்லை. முதல் குளிர்காலம் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த மாசியில் கதவு இறுகிப் பிடித்தது. மேல் மூலையைச் சீவினேன். சித்திரையில் பார்த்தால் சீவிய இடத்தில் விரல் போகிற இடைவெளி. சுவரில் படிபோல ஒரு வெடிப்பு ஜன்னல் வரை ஏறியிருந்தது. மாசியில் தூக்கிய மண், ஐஸ் உருகியதும் சேறாகிச் சுவரைக் கீழே விட்டிருக்கிறது.

அப்போது நான் கொங்கிறீட் வேலையில் இருந்தேன். எங்கள் போர்மன் ஓர் இத்தாலியர். அந்தத் தொழிலில் இத்தாலியரும் போர்த்துக்கீசரும்தான் அதிகம். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து பள்ளத்தைப் பார்த்துவிட்டு, 'வீட்டின் சப்பாத்தைக் கழற்றி ஐஸில் நிற்க விட்டிருக்கிறாய்' என்றார். திருத்திய விதம் இதுதான்: அத்திவாரத்துக்குக் கீழே நாலடிக்கு மேற்படாத துண்டாக, ஒன்றுவிட்டு ஒன்றாகத் தோண்டி, கொங்கிறீட் நிரப்பி, அது இறுகிய பிறகே அடுத்த துண்டைத் தொட வேண்டும். வாசல் வெட்டிய காசைப்போல மூன்று மடங்கு போயிற்று.

நீங்கள் முதலிலேயே சரியாகச் செய்தால் அவ்வளவு போகாது. இரண்டு வழி இருக்கிறது. படிப் பள்ளத்தை ஒட்டிய அத்திவாரத்தை நாலடி கீழே இறக்கலாம். அல்லது பள்ளத்தின் தரைக்குக் கீழேயும் சுவர் ஓரமாகவும் நீலம், ரோசா நிறத்தில் விற்கிற கெட்டியான போம் பலகை போட்டு வீட்டுச் சூட்டை மண்ணுக்குள்ளேயே பிடித்து வைக்கலாம். ஓர் அங்குலப் போம் ஓரடி மண்ணுக்குச் சமம் என்று தொழிலில் ஒரு கணக்கு உண்டு. ஆனால் எவ்வளவு தடிப்பு, எவ்வளவு அகலம் என்பதை வரைபடம் கீறுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். எந்த வழி என்றாலும் படியடியில் ஒரு வடிகால் கட்டாயம் வேண்டும். தோண்டுகிற முதல் நாளுக்கு முன்பே ஒன்ராறியோ வன் கோலுக்குச் சொல்லுங்கள். காஸ் குழாய், மின்கம்பி போகிற இடத்தை இலவசமாகவே அடையாளம் வைத்துத் தருவார்கள்.

பெர்மிட் என்றால் நகரசபை காசு பிடுங்குகிற வேலை என்று எங்கள் ஆட்கள் கலியாண வீடுகளில் பேசுவார்கள். 'நானும் வெட்டினேன், பத்து வருடமாக ஒன்றும் ஆகவில்லை' என்பார்கள். இரண்டு மூன்று குளிர்காலம் சும்மா மென்மையாகப் போகும், ஒரு வருடம் கடும் குளிர் வந்து இரண்டு கிழமை நிற்கும். அந்த வருடம் அவர்கள் கதவு சீவுவதை யாருக்கும் சொல்ல மாட்டார்கள். இது எனக்கு உண்மையாகவே கோபம் வருகிற விஷயம். புதிதாக வந்த பிள்ளைகள் இவர்கள் பேச்சை நம்பித்தான் கடன்பட்டு வாங்கிய வீட்டின் காலை வெட்டுகிறார்கள்.

இன்னொன்று. மார்கழியில் ஊருக்குப் போகிறவர்கள் மிச்சம் பிடிக்கலாம் என்று ஹீட்டரை முழுதாக நிறுத்திவிட்டுப் போகிறார்கள். குழாய் வெடிப்பது எல்லாருக்கும் தெரியும். பேஸ்மென்ட் உறைந்தால் தரைக்குக் கீழே உள்ள மண்ணும் உறையும், உள்ளிருந்தே வீட்டைத் தூக்கும். 15 பாகையிலாவது விட்டுவிட்டுப் போங்கள். யாராவது நாளுக்கொரு தடவை எட்டிப் பார்க்கட்டும். கூரைத் தண்ணீர்க் குழாயையும் சுவரோரம் ஊற்ற விடாமல் ஆறு அடி தள்ளி நீட்டிவிடுங்கள்.

எங்கள் பேஸ்மென்டில் இப்போது புதிதாக வந்த ஒரு குடும்பம் இருக்கிறது. அவர் இரவு வேலை. விடிய ஐந்து மணிக்கு அந்தப் பக்க வாசல் திறக்கிற சத்தம் மேலே எனக்குக் கேட்கும். மாசியிலும் ஒரே தள்ளில் திறக்கும்.