கிணற்றடிக்கு ஓடிய கால்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

என் கணவர் அருமனைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. வயது 38. சென்ற ஆனி மழையில் சரிவில் வழுக்கி விழுந்து வலது கணுக்கால் பிசகியது. எலும்பு, சுளுக்குக்குக் கட்டுப்போடும் ஆசானிடம் கட்டுப்போட்டோம், வீக்கம் வற்றிவிட்டது. அதன்பிறகுதான் கால் இழுக்கத் தொடங்கியது. இப்போது தரையில் தேய்த்துக்கொண்டு நடக்கிறார். சில நாள் தொடை நடுங்குகிறது. நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் ஸ்கேன் எடுத்தோம். எல்லாம் நார்மல். ஒரு டாக்டர், "ஒன்றுமில்லை, வேலைக்குப் போக மனமில்லை" என்று முகத்துக்கு நேரே சொன்னார். இன்னொருவர் "செயல்பாட்டு நரம்பியல் கோளாறு" என்று எழுதி மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். "எனக்கென்ன பைத்தியமா?" என்று இவர் போக மறுக்கிறார். மாமியார் செய்வினை என்கிறார்.

யாரிடமும் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். போன மாதம் எங்கள் சின்னவன் கிணற்றுக் கைப்பிடிச் சுவரில் ஏறிவிட்டான். திண்ணையில் இருந்த இவர் நாலே எட்டில் ஓடிப்போய்த் தூக்கிவிட்டார். கால் இழுக்கவே இல்லை. திரும்பி வரும்போது பழையபடி இழுத்துக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து எனக்கும் சந்தேகம். இவர் நடிக்கிறாரா? இன்னொரு எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா? நகை ஏற்கெனவே அடகில் இருக்கிறது. பெயர் போட வேண்டாம்.

—

அன்புள்ள தங்கைக்கு,

நடிக்கிறவர் உங்கள் கண்ணெதிரே ஓடிவிட்டு, உங்கள் கண்ணெதிரே காலை இழுத்துக்கொண்டு திரும்பி வருவாரா? அவ்வளவு மோசமான நடிகரை எந்த ஊர் நாடகத்திலும் சேர்க்க மாட்டார்கள். நீங்கள் கிணற்றடியில் கண்டதுதான், அந்த இரண்டாவது டாக்டர் எழுதிய செயல்பாட்டு நரம்பியல் கோளாறு என்ற இந்த நோயின் அடையாளம். நான் மருத்துவன் அல்ல. ஆனால் என் அத்தை மகனுக்கு இதே நோய் வந்து, அவனோடு அலைந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

இந்தக் கோளாறில் நரம்பு அறுந்திருக்காது, தசை செத்திருக்காது. அதனால்தான் ஸ்கேனில் ஒன்றும் தெரிவதில்லை. காலை எடுத்து வைக்க வேண்டும் என்று நினைத்து எடுத்து வைக்கும்போதுதான் தகராறு. கவனம் முழுக்கப் பிள்ளைமேல் போனதும், கால் தன்பாட்டுக்கு வேலை செய்துவிட்டது. உங்கள் கணவருக்கு இது புரியும். இருட்டில் தலைவிளக்கோடு மரம் மரமாக வெட்டிப் போகிறவர் தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டா வெட்டுகிறார்? ஒருவர் பக்கத்தில் நின்று, "கையை எவ்வளவு சாய்க்கிறாய், எவ்வளவு அழுத்துகிறாய்" என்று ஒவ்வொரு வெட்டுக்கும் கேட்டால் கத்தி பட்டையைத் தாண்டி மரத்தில் இறங்கிவிடும்.

இதைப் படுக்கையிலேயே சோதித்துக் காட்டலாம். 1908இல் சார்லஸ் ஹூவர் என்ற அமெரிக்க மருத்துவர் விவரித்த சோதனை இது. நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, இழுக்கும் காலின் குதிகாலுக்கு அடியில் டாக்டர் கையை வைப்பார். "குதிகாலைக் கீழே அழுத்துங்கள்" என்பார். அழுத்தம் வராது. பிறகு மற்ற காலைப் பிடித்துக்கொண்டு, "இதை மேலே தூக்குங்கள்" என்பார். தூக்க முயன்றவுடன், அழுத்தவே முடியாத அந்தக் குதிகால் டாக்டரின் உள்ளங்கையை நன்றாக அழுத்தும். என் அத்தை மகனுக்கு இதைச் செய்தபோது அவன் எழுந்து உட்கார்ந்து, "இன்னொரு தடவை செய்யுங்கள் சார்" என்று கேட்டான். தன் காலில் பலம் இருக்கிறது என்பதை அவன் நம்பியது அப்போதுதான். நடுக்கத்துக்கும் சோதனை உண்டு. கையால் ஒரு தாளம் தட்டச் சொன்னால் தொடை நடுக்கம் அந்தத் தாளத்துக்கு மாறும், அல்லது நின்றுபோகும்.

ஆகவே ஸ்கேனில் ஒன்றுமில்லை என்பதை மட்டும் வைத்து இந்த நோயை முடிவு செய்வதில்லை. அடுத்த முறை நரம்பியல் டாக்டரிடம் போகும்போது, "எந்த அடையாளத்தை வைத்து இந்த முடிவுக்கு வந்தீர்கள்? இவருக்கும் செய்துகாட்டுங்கள்" என்று கேளுங்கள். செய்துகாட்டுகிறவரை விடாதீர்கள். "ஒன்றுமில்லை" என்று அனுப்பியவரிடம் மறுபடி போக வேண்டியதில்லை.

கணுக்கால் பிசகியதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. சின்ன அடிக்குப் பிறகு இது தொடங்குவது சாதாரணம். வலிக்குப் பயந்து சில நாள் காலைக் காத்துக்கொள்கிறோம். வலி போன பிறகும் மூளை அந்தக் காவலை விடுவதில்லை என்றுதான் இன்று விளக்குகிறார்கள். ஆண்களுக்கு வருமா என்று உங்கள் ஊரில் யாராவது கேட்டால், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பாரிசில் ஷார்கோ என்ற பேர்பெற்ற நரம்பியல் மருத்துவர், வேலையில் அடிபட்ட தொழிலாளர்களிடம் இதைக் கண்டு எழுதியிருக்கிறார் என்று சொல்லுங்கள்.

இனி மனநல மருத்துவர். மனத்தில் ஏதோ துக்கம் இருந்தால்தான் இந்த நோய் என்ற பழைய நிபந்தனையை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013இலேயே நீக்கிவிட்டது. உங்கள் கணவரிடம் இல்லாத துக்கத்தை யாரும் தோண்ட வேண்டாம். ஆனால் இத்தனை மாதம் வேலையில்லாமல், நகை அடகில் கிடக்க, ஊர் வாயில் விழுந்து கிடக்கிறவருக்குத் தூக்கம் வருமா? பயம் இல்லாமல் இருக்குமா? கால் முறிந்தவருக்கும் இவை வரும். இவை காலின் கோளாறைக் கூட்டும், ஆகவே இவற்றுக்கும் மருத்துவம் வேண்டும். போகச் சொல்வது இதற்காகத்தான் என்று சொல்லிப் பாருங்கள். இந்த நோயை நேராகக் குணமாக்கும் மாத்திரை என்று ஒன்று கிடையாது. யாராவது நரம்புத் தளர்ச்சிக்கு என்று பை நிறைய மாத்திரை கொடுத்தால் எதற்கு என்று கேளுங்கள்.

காலுக்கு முக்கியமான சிகிச்சை பிசியோதெரபி. அதிலும் இந்த நோய் தெரிந்தவர் செய்தால்தான் பலன். தசையைப் பலப்படுத்துகிறேன் என்று அந்தக் காலையே பார்த்துத் தூக்கு, இறக்கு என்றால் கவனம் இன்னும் காலில்தான் ஒட்டும். என் அத்தை மகனுக்குப் பிசியோதெரபி செய்த அம்மா அவனைப் பின்னோக்கி நடக்கச் சொன்னார். முன்னால் காலை இழுத்தவன் பின்னால் ஒழுங்காக நடந்தான். அதைக் கைப்பேசியில் படம் பிடித்து அவனுக்கே காட்டினார். பிறகு பக்கவாட்டில், பிறகு பந்தை எறிந்து பிடித்துக்கொண்டு, பிறகு ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு. இப்படித்தான் முன்னோக்கி நடப்பதற்கு வந்து சேர்ந்தான். எல்லோருக்கும் இப்படி ஆகிவிடும் என்று ஆசைகாட்ட மாட்டேன். பிரிட்டனில் இதற்கென்றே செய்த பிசியோதெரபியை வழக்கமான பிசியோதெரபியோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2024இல் வந்தது. எதிர்பார்த்த முக்கிய அளவுகோலில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் தங்கள் இயக்கக் கோளாறு குறைந்தது என்று சொன்னவர்கள் அந்தச் சிகிச்சை பெற்றவர்களில்தான் அதிகம். ஏற்றமும் இறக்கமும் இருக்கும். ஒரு வாரம் நன்றாக நடந்தவர் மறுவாரம் இழுத்தால் நோய் முற்றிவிட்டது என்று பொருளில்லை.

வீட்டில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, அது எல்லாவற்றையும்விடக் கடினம். அந்தக் காலைப் பார்ப்பதை நிறுத்துங்கள். காலையில் எழுந்ததும் "இன்று கால் எப்படி?" என்று கேட்காதீர்கள். நடக்கும்போது பின்னால் போய்த் தாங்காதீர்கள். வாக்கரோ சக்கர நாற்காலியோ டாக்டர் சொல்லாமல் வாங்காதீர்கள். ஆசானிடம் எண்ணெய் தேய்த்து உழிச்சலுக்குப் போவதை நான் தடுக்கவில்லை, நம் ஊரில் அது இல்லாமல் யாருக்கும் ஆகாது. ஆனால் காலை மறுபடி வைத்துக் கட்ட விடாதீர்கள். அசையாமல் கட்டிவைத்தால் இந்த நோய் கூடும். மாமியார் மண்டைக்காட்டு அம்மனுக்கு நேர்ந்துகொள்ளட்டும். செய்வினை எடுக்கிறவனுக்கு ஒரு ரூபாயும் போகக் கூடாது.

வேறு நோய் ஒளிந்திருந்தால் என்ன செய்வது என்ற பயம் நியாயமானது. 1965இல் லண்டனில் ஸ்லேட்டர் என்ற மருத்துவர், இப்படிச் சொல்லப்பட்டவர்களில் பலருக்குப் பின்னாளில் வேறு நோய் இருந்தது என்று எழுதியது டாக்டர்களையே பல்லாண்டு பயமுறுத்தியது. பிறகு வந்த ஆய்வுகளை 2005இல் தொகுத்துப் பார்த்தபோது, 1970களுக்குப் பிறகு அப்படித் தவறியது நூற்றுக்கு நான்கு பேர் அளவில்தான். ஆனாலும் புதிதாக ஒன்று வந்தால் பழைய நோய் என்று தள்ளிவிடாதீர்கள். வாய் கோணினால், திடீரென்று பேச்சு குழறினால், சிறுநீர் மலம் அடக்க முடியாமல் போனால், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

முதலில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். மனநலப் பிரிவுக்கும் பிசியோதெரபிக்கும் நகையை அடகு வைக்க வேண்டியதில்லை. நரம்பியலில் இன்னொரு கருத்து வேண்டுமென்றால் திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்ரா மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அங்கே போக டாக்டரின் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். பெங்களூர் நிம்ஹான்ஸில் நரம்பியலும் மனநலமும் ஒரே வளாகத்தில் உண்டு, ஆனால் அது கடைசியில் யோசிக்க வேண்டியது. உங்களுக்கே மனம் தாளாதபோது 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி தொலைபேசிச் சேவை இருக்கிறது. கட்டணமில்லை, தமிழில் பேசலாம்.

எம்.ஆர்.ஐ. பற்றிக் கேட்டிருந்தீர்கள். புதிய அறிகுறி எதுவும் இல்லாமல், டாக்டரும் கேட்காமல், இன்னொன்று எடுக்க வேண்டாம். பிசியோதெரபிக்கு அருமனையிலிருந்து வாரம் இரண்டு தடவையாவது போய்வர வேண்டியிருக்கும். அந்தப் பணத்தை பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் எடுத்து வையுங்கள். கிணற்றடியில் நடந்ததை அவரிடமே சொல்லுங்கள், குற்றம் சாட்டுகிற குரலில் அல்ல. அவரும் அதை நினைத்துக் குழம்பிக்கொண்டுதான் இருப்பார்.

அன்புடன்,
அண்ணன்