ஆர்ஓ வேணுமா, யூஎஃப் போதுமா? பெங்களூரு தண்ணிக்கு கேள்வி பதில்

அபார்ட்மென்ட்டுக்கும் ஃபேக்டரிக்கும் ஆர்ஓ பிளான்ட் போட்டு சர்வீஸ் பாக்கறதுதான் என் வேலை. ஆர்ஓன்னா பிரஷர் குடுத்து தண்ணில கரைஞ்ச உப்ப எடுக்கற மெஷின், யூஎஃப்னா நுண்ணிய ஓட்டை உள்ள வடிகட்டி, கிருமிய நிறுத்தும். நம்ம ஊர்க்காரங்க அனுப்பின கேள்விங்கள்ல பாதி ஒரே கேள்வி, அதனால அதுலயே ஆரம்பிக்கறேன்.

*அக்கா, ஹலசூருல இருக்கோம், காவேரி தண்ணி மட்டும்தான். ஆர்ஓ இல்லாம குடிக்கவே கூடாதுன்னு கடைக்காரர் சொல்றார், வாங்கணுமா?*

வேணாம்பா. முதல்ல டிடிஎஸ் பாரு, அதாவது ஒரு லிட்டர் தண்ணில எத்தனை மில்லிகிராம் உப்பு கரைஞ்சிருக்குன்னு. குடிதண்ணிக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500 படி 500 வரைக்கும் தாராளமா குடிக்கலாம், வேற தண்ணியே இல்லாத இடத்துல 2000 வரைக்கும் விடறாங்க. காவேரி லைன்ல 500க்கு நல்லா கீழதான் இருக்கும். உப்பு கம்மியான தண்ணிக்கு உப்பு எடுக்கற மெஷின் எதுக்கு? உங்க ஏரியால பயப்பட வேண்டியது கிருமிக்குத்தான், பழைய பைப்ல சாக்கடை கலக்கறது, கழுவாத சம்ப்பு (தரைக்கு கீழ இருக்கற தொட்டி), இதெல்லாம். அதுக்கு யூஎஃப்பும், கிருமிய கொல்ற யூவி லைட்டும் சேர்ந்த மெஷின் போதும். டி.கே. ஹள்ளில சுத்தம் பண்ணி 100 கிலோமீட்டர் கிட்ட பம்ப் அடிச்சு மேல ஏத்தி கொண்டு வர்ற தண்ணிய ஆர்ஓ கழிவா சிங்க்குல ஓட விடறத பாத்தா எனக்கு மனசே ஆறல.

*வைட்ஃபீல்ட்ல போர்வெல்லும் டேங்கரும்தான் மேடம், டிடிஎஸ் 1100. குழாய், பக்கெட் எல்லாம் வெள்ளையா படியுது. யூஎஃப் போட்டா போகுமா?*

போகாது சார். யூஎஃப் ஓட்டை சுமார் 0.01 மைக்ரான், பாக்டீரியா நிக்கும், கரைஞ்ச உப்பு அப்படியே உள்ள போயிடும். ஆர்ஓ வேற மாதிரி, அதுல இருக்கற பாலிஅமைடுங்கற பிளாஸ்டிக் படலத்துல (மெம்பிரேன்னு சொல்றது இததான்) யூஎஃப் மாதிரி ஓட்டைன்னு எதுவும் கிடையாது, பிரஷர் குடுத்து தள்ளும்போது தண்ணி படலத்துக்குள்ள கரைஞ்சு ஊறி அந்தப் பக்கம் வருது, உப்பு பெரும்பாலும் இந்தப் பக்கமே தங்கிடுது, அதனாலதான் நைட்ரேட், ஃப்ளோரைடு கூட குறையுது. உங்களுக்கு குடிக்க ஆர்ஓ கண்டிப்பா வேணும். ஆனா அந்த வெள்ளைப் படிவு கால்சியம், மெக்னீசியம், அதுக்கு வீட்டுக்கு வர்ற மொத்த லைனுக்கும் சாஃப்ட்னர் போடுங்க. சாஃப்ட்னர் அத எடுத்துட்டு சோடியத்த விடும், டிடிஎஸ் குறையாது, அதனால ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு மாத்து இல்ல. டேங்கர் தண்ணி லோடுக்கு லோடு மாறும், ஒரு தடவ பாத்துட்டு விட்டுடாதீங்க.

*ஆர்ஓ மெஷின்லருந்து கழிவா வெளிய போற ரிஜெக்ட் தண்ணி ரொம்ப போகுதுன்னு மெக்கானிக் அந்த பைப்ப சுருக்கி விட்டார். நல்லதா?*

இல்லம்மா, மெம்பிரேன் சீக்கிரம் போயிடும். சுத்தத் தண்ணி வெளிய போகப்போக படலத்து மேல உப்பு கெட்டியாகிட்டே வரும், அத அடிச்சிட்டு போகத்தான் ரிஜெக்ட். அத அடைச்சா சுண்ணாம்பு படிஞ்சு தண்ணி வர்றதே குறைஞ்சிடும். வீட்டு மெஷின்ல 1 லிட்டர் எடுக்க 3 லிட்டர் போறது சாதாரணம், ஒரு டிரம்ல பிடிச்சு தரை துடைக்க, பாத்ரூம் ஃபிளஷ்க்கு வெச்சுக்கோங்க. போர்வெல் ரிஜெக்ட்ட செடிக்கு தினமும் ஊத்தாதீங்க, மண்ணுல உப்பு ஏறிடும்.

*டேஸ்ட் வரணும்னு டிடிஎஸ் கன்ட்ரோலர திறந்து விட்டாங்க. அதுதான் மினரலா?*

அது ஆர்ஓ வழியா போகாத பச்சைத் தண்ணிய கொஞ்சம் திரும்ப கலக்கற வால்வு, அவ்வளவுதான். போர்வெல்ல ஃப்ளோரைடோ நைட்ரேட்டோ இருந்தா அதுவும் கூடவே திரும்பி வரும். இது விற்கும்போது யாரும் சொல்றதில்ல, எனக்கு கோவமே இதுலதான். டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பு அளவதான் காட்டும், எந்த உப்புன்னு காட்டாது, கிருமியும் காட்டாது. லேப்ல ஒரு தடவ டெஸ்ட் குடுத்துட்டு அப்புறம் அந்த வால்வ தொடுங்க.

*சம்ப்புல பிளீச்சிங் பவுடர் போட்டா மெம்பிரேனுக்கு ஆகுமா?*

பிளீச்சிங் பவுடர்ல இருக்கற குளோரின் நேரா பட்டா பாலிஅமைடு கெட்டுடும். மெம்பிரேனுக்கு முன்னாடி குளோரின பிடிக்கற கார்பன் ஃபில்டர நேரத்துக்கு மாத்துனா போதும். உள்ள போற டிடிஎஸ்ஸையும் வெளிய வர்றதையும் எழுதி வைங்க, கன்ட்ரோலர் மூடின நிலையில வெளிய வர்றது மாசாமாசம் ஏறிட்டே போனா மெம்பிரேன மாத்தற நேரம் வந்தாச்சு.

*அக்கா, காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு கேக்கறேன். சென்னை மாதிரி பெங்களூருக்கும் கடல் தண்ணி கொண்டு வர முடியாதா?*

நல்ல கேள்வி தம்பி. சென்னைல கடல் தண்ணிய குடிதண்ணி ஆக்கற பிளான்ட் மீஞ்சூர் 2010ல, நெம்மேலி 2013ல, ரெண்டும் நாளுக்கு 10 கோடி லிட்டர், நெம்மேலிலயே 2024ல இன்னொரு 15 கோடி லிட்டர் பிளான்ட். கடல் தண்ணில உப்பு லிட்டருக்கு 35 கிராம், அந்த உப்பு எதிர்த்து நிக்கற ஆஸ்மாட்டிக் பிரஷரே 27 பார் வரும், அத ஜெயிக்க 55லருந்து 70 பார் குடுக்கணும், 1000 லிட்டருக்கு 3லருந்து 4 யூனிட் கரன்ட். நாம கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் மேல இருக்கோம், அவ்வளவு உயரம் ஏத்த மட்டுமே இன்னும் 3 யூனிட்டுக்கு மேல ஆகும், தூரத்துக்கு பைப்ல போற இழப்பு தனி. ஆர்ஓ மெம்பிரேன முதல்ல நடைமுறைக்கு கொண்டு வந்தது 1960 வாக்குல கலிஃபோர்னியால சிட்னி லோபும் நம்ம சௌரிராஜனும், ப்ராஜெக்ட்ல அவர் பேர விட்டுடாத. அந்த 3 யூனிட் கணக்கு நீயே போட்டுப் பாரு, 1000 கிலோ தண்ணி, 900 மீட்டர், பம்ப் எஃபிஷியன்சி 75 சதவீதம்னு வெச்சுக்கோ.