புத்தகம் இருக்கட்டும், அப்பாவின் அறைக்குள் போங்கள்

கேள்வி: நான் கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த கத்தோலிக்கன். புறக்கோட்டையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். கூட வேலை செய்யும் முஸ்லிம் நண்பர், "சாப்பிட்டு, தூங்கி, மலசலகூடம் போனவர் எப்படி இறைவன் ஆவார்?" என்று பகல் சாப்பாட்டு நேரத்தில் கேட்கிறார். பதில் சொல்லத் தெரியாமல் வாயடைத்துப் போகிறேன். பாரிசவாதத்தில் படுத்திருக்கும் அப்பாவைத் துடைத்து உடுப்பு மாற்ற ஆள் வைத்திருப்பதால் (எனக்கு அந்த அறைக்குள் போனாலே குமட்டும்) இரவில் படிக்க நேரமிருக்கிறது. என்ன புத்தகங்கள் படிக்கலாம்?

பதில்: தம்பி, அடைப்புக்குறிக்குள் ஒதுக்கிவிட்டீர்களே, அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. மேலான இறைவனுக்கு இந்த உடம்பு தகாது என்கிறார் நண்பர். அப்பாவின் உடம்பு உங்களுக்குத் தகாது என்கிறீர்கள் நீங்கள். அவர் பேச்சிலாவது பக்தி இருக்கிறது. அல்லாஹ் பெறவுமில்லை, பெறப்படவுமில்லை என்ற குர்ஆனின் 112ஆம் அத்தியாயத்தை மனதார நம்பி, இறைவனின் மகிமைக்கு இழுக்கு வரக்கூடாதென்று பேசுகிறார். உங்களுடையது வெறும் அருவருப்பு.

சரி, கேள்விக்கு வருகிறேன். ஈசாவும் (நம் இயேசுதான்) அவர் தாயும் உணவு உண்டார்கள் என்று குர்ஆன் 5:75 சொல்கிறது. அவர் இறைவன் அல்ல என்பதற்கு அதையே அடையாளமாகக் காட்டுகிறது. அவர் உண்டதை நாம் மறுக்கிறோமா? அடித்துச் சொல்கிறோம். கிறிஸ்துவுக்கு இருந்தது வெறும் தோற்றம், நிஜ உடம்பில்லை என்று இஸ்லாம் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே சிலர் கிளம்பினார்கள். கடவுளின் கௌரவத்தைக் காப்பாற்றுகிற எண்ணம்தான் அவர்களுக்கும். அந்தியோக்கியா ஆயர் இஞ்ஞாசியார், 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கொல்லப்படுவதற்காக ரோமுக்குக் கொண்டுபோகப்படும் வழியில் அவர்களுக்கு எதிராகக் கடிதம் எழுதினார்: அவர் மெய்யாகவே பிறந்தார், உண்டார், குடித்தார். 451இல் ஆயர்கள் கூடிய கல்செதோன் சங்கமும் கிறிஸ்து மெய்யாகவே கடவுள், மெய்யாகவே மனிதர் என்றது. இரண்டு இயல்புகளும் கலக்கவுமில்லை, பிரியவுமில்லை. பசித்தது மனித இயல்பில். கடவுள் கடவுளாக இருப்பதை விட்டுவிட்டு மனிதனாக மாறிப்போனார் என்று திருச்சபை சொன்னதேயில்லை. நண்பர் எதிர்ப்பது அதைத்தான் என்றால், நீங்களும் அவரோடு சேர்ந்து எதிர்க்கலாம்.

781ஆம் ஆண்டளவில் பக்தாதில் முஸ்லிம் பேரரசின் ஆட்சியாளரான கலீபா அல்-மஹ்தி, கீழைத் திருச்சபையின் தலைவரான முதுபிதா திமொத்தேயுவிடம், கடவுள் ஒரு பெண்ணை மணந்து மகனைப் பெற்றாரா என்கிற மாதிரிக் கேட்டார். அப்படிச் சொன்னால் அது நிந்தனைதான் என்று முதுபிதாவும் ஒத்துக்கொண்டு, சூரியனிலிருந்து ஒளி பிறப்பதுபோல என்று விளக்கினார். கலீபா மசியவில்லை. மறுநாளும் உட்கார்ந்து பேசினார்கள். உங்கள் சாப்பாட்டு மேசைக்கும் அவ்வளவு போதும். யாரும் யாரையும் வாயடைக்க வேண்டாம்.

ஆனால் தாழ்ந்தால் மகிமை குறையும் என்பவரிடம், அன்பினால் தாழ்வதே கடவுளின் மகிமை என்று சொல்லியாக வேண்டும். நம்மிடம் வேறு பதில் கிடையாது. சீடர்களின் காலைக் கழுவியவரைப் பற்றித்தான் பேசுகிறோம். ஞாயிறு பூசையில் விசுவாசப் பிரமாணத்தில் அவர் மனிதரான அந்த வரி வரும்போது தலை வணங்குகிறீர்கள். வீட்டுக்கு வந்து, சின்ன வயதில் உங்களைக் கழுவித் துடைத்த தகப்பனின் அறையைத் தாண்டிப் போகிறீர்கள். பிறகு அந்தப் பதில் எப்படி வாயில் வரும்?

ஆள் வைத்ததைக் குறை சொல்லவில்லை. வேலைக்குப் போகிறவர் வேறென்ன செய்வது! ஆனால் மிஞ்சுகிற இரவு நேரம் உங்கள் படிப்புக்கு உரியதல்ல, அப்பாவுக்கு உரியது. ஈரத்துணியால் துடைப்பது, படுக்கைப்புண் வராமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைப்பது எல்லாவற்றையும் அந்த ஆளிடமே கேட்டுப் பழகுங்கள். குமட்டினால் மூக்கில் துணியைக் கட்டிக்கொள்ளுங்கள். புத்தகப் பட்டியலை அடுத்த மாதம் கேளுங்கள், தருகிறேன்.