வீட்டு வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் எத்தனை நிமிடம்?

கேள்வி: எங்களுக்குக் கனடா பி.ஆர். (நிரந்தரமாகக் குடியிருக்கும் அனுமதி) கிடைத்துவிட்டது. நான் ஐ.டி.யில் டெஸ்டிங் வேலையில் இருக்கிறேன். மனைவி பி.எஸ்சி. நர்சிங் படித்து, பத்து வருடமாக மருத்துவமனையில் வேலை பார்க்கிறார். பிள்ளைகளுக்கு வயது 8, 3. ஒன்டாரியோ மாகாணத்தில், டொரன்டோவின் ஒரு பகுதியான ஸ்கார்பரோவில் சித்தப்பா மகன் இருக்கிறார். ஆல்பர்ட்டா மாகாணத்துக் கால்கரியில் இருக்கும் நண்பரோ, இங்கே வாடகை குறைவு, வந்துவிடு என்கிறார். மதுரை வெயிலில் வளர்ந்த எங்களுக்குக் குளிர் குறைந்த ஊராகச் சொல்லுங்கள்.

பதில்: குளிர் மட்டும்தான் கவலை என்றால் வான்கூவர். ஜனவரியிலும் அங்கே சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்கு மேலேதான் நிற்கும். ஆனால் மாதக்கணக்கில் மழை, வாடகையும் கழுத்தை நெரிக்கும். டொரன்டோவின் ஜனவரி சராசரி சுமார் மைனஸ் 4, கால்கரி மைனஸ் 7, வின்னிபெக் மைனஸ் 16. வின்னிபெக்கை விடுங்கள், மற்ற இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உள்ளே ஒரு சட்டை கூடப் போட்டால் தீர்ந்துவிடும். வீட்டுக்குள் எந்த ஊரானாலும் பனியனோடு உட்காரலாம். நம்மை வாட்டுவது வெளியில் நிற்கும் நிமிடங்கள்தான். அதனால் ஊரைக் குளிரை வைத்து முடிவு செய்யாதீர்கள், தெருவைக் குளிரை வைத்து முடிவு செய்யுங்கள்.

ஊரை முடிவு செய்ய வேண்டியது உங்கள் மனைவியின் லைசென்ஸ். உங்கள் வேலைக்கு உரிமம் எதுவும் தேவையில்லை. நர்ஸ் வேலைக்கு ஒவ்வொரு மாகாணமும் தனித்தனியாகப் பதிவு செய்கிறது. இந்தியாவில் பதிவு பெற்றவர்களுக்கு நோவா ஸ்கோஷியா மாகாணம் 2023-ல் வழியைச் சுருக்கியது, ஆனாலும் என்க்ளெக்ஸ் என்ற நர்ஸ் உரிமத் தேர்வு எழுதியே ஆக வேண்டும். கணவரின் வேலையை மட்டும் பார்த்து ஊரை முடிவு செய்துவிட்டு, அனுபவமுள்ள நர்ஸ் கடையில் பில் போட்டுக்கொண்டு நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். (மாகாண நாமினேஷனில், அதாவது ஒரு மாகாணத்தின் பரிந்துரையில், பி.ஆர். வாங்கியிருந்தால் இந்தக் கேள்வியே இல்லை. அந்த மாகாணத்தில் குடியேறுகிறோம் என்று சொல்லித்தான் வாங்கியிருப்பீர்கள்.)

அடுத்தது உங்கள் சின்னப் பிள்ளை. ஒன்டாரியோவில் நான்கு வயது நிறைகிற வருடத்தின் செப்டம்பரிலேயே அரசுப் பள்ளியில் ஜூனியர் கிண்டர்கார்டன் சேர்க்கலாம். முழு நாள், கட்டணம் கிடையாது. ஆல்பர்ட்டாவில் ஐந்து வயதில்தான், அதுவும் பெரும்பாலும் அரை நாள். மீதி நேரத்துக்கு டேகேர் பணம் கட்ட வேண்டும். நண்பர் சொல்லும் வாடகை மிச்சத்திலிருந்து இதைக் கழித்துப் பாருங்கள். கால்கரியில் விற்பனை வரி 5 சதவீதம், ஒன்டாரியோவில் 13. அது உண்மையான லாபம்தான். ஆனால் ஆல்பர்ட்டாவில் வாடகை உயர்வுக்கு உச்சவரம்பு கிடையாது. ஒன்டாரியோவில் உண்டு, 2018 நவம்பர் 15-க்குப் பிறகு முதன்முதலாக ஆள் குடிவந்த புது வீடுகளுக்கு மட்டும் அது பொருந்தாது.

உங்கள் நிலையில் நான் ஒன்டாரியோவைத்தான் சொல்வேன். முதல் வருடம் ஸ்கார்பரோவே சரி. கோவில், முருங்கைக்காய், தமிழ் பேசும் டாக்டர் எல்லாம் பக்கத்தில் கிடைக்கும். ஒரு குறை: அங்கே ஓடிக்கொண்டிருந்த மூன்றாம் எண் நகர ரயில் தடத்தை 2023-ல் மூடிவிட்டார்கள். பல இடங்களில் பஸ்தான் கதி.

என் முதல் ஜனவரியில் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் பதினொரு நிமிடம். பனி அள்ளும் வண்டி தெருமுனையில் முழங்கால் உயரத்துக்கு வரப்பு கட்டிவிட்டுப் போயிருக்கும். குழந்தையைத் தள்ளிப்போகும் ஸ்ட்ரோலரை அதன் மேல் தூக்கிவைப்பதற்குள் மகள் ஒரு கையுறையை உதறிவிடுவாள். அதைத் தேடி எடுத்து மாட்ட என் கையுறையைக் கழற்ற வேண்டும். அதற்குள் பஸ் போய்விடும். அடுத்த வீடு பார்க்கும்போது நான் சமையலறையைப் பார்க்கவே இல்லை, கைக்கடிகாரத்தைத்தான் பார்த்தேன்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். வாசலிலிருந்து பஸ் ஸ்டாப், பள்ளி, மளிகைக்கடை, மூன்றுக்கும் நடந்து பாருங்கள். கார் வாங்கும் வரை எதுவும் பத்து நிமிடத்தைத் தாண்டக்கூடாது. உங்கள் சித்தப்பா மகன் பேஸ்மென்ட் (வீட்டின் அடித்தளத்தில் உள்ள குடியிருப்பு) ஏதாவது பார்த்து வைப்பார். அங்கே இரண்டைக் கேளுங்கள். தீப்பிடித்தால் வெளியேற இன்னொரு வழி இருக்கிறதா? ஹீட்டரைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட் எங்கே இருக்கிறது? பல வீடுகளில் அது மேல்மாடியில் வீட்டுக்காரர் கையில் இருக்கும். அவர் வேலைக்குப் போகும்போது குறைத்துவிட்டுப் போனால் கீழே உங்கள் பிள்ளை நடுங்கும். ஹீட்டிங்கும் சேர்த்து வாடகை பேசிய வீட்டில் குளிர்காலம் முழுக்கக் குறைந்தது 21 டிகிரி வைத்திருக்க வேண்டும் என்பது டொரன்டோ மாநகர விதி. தயங்காமல் கேட்கலாம்.

மதுரையிலிருந்தே ஒரு வருட வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுப் பணம் அனுப்ப வேண்டாம். படத்தில் காட்டும் வீடு வேறொருவருடையதாக இருக்கும். மே, ஜூனில் வந்து இறங்குங்கள். செப்டம்பர் பள்ளி திறக்கும் முன் வீடு அமையும், குளிரும் படிப்படியாகப் பழகும். ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து ஓட்டுநர் உரிம விவரச் சான்று வாங்கி வந்தால் இங்கே உங்கள் அனுபவம் கணக்கில் வரும்.

டிக்கெட் போடும் முன் இன்னொரு வேலை. நர்சிங் பதிவுக்குக் கல்லூரியும் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலும் சான்றுகளை நேரடியாக அனுப்ப வேண்டியிருக்கும். அங்கே இருக்கும்போது சென்னைக்கு ஒரு நாள் பயணம். இங்கே வந்துவிட்டால் இரவு பதினொரு மணிக்குப் போனைப் பிடித்துக்கொண்டு, யாராவது எடுப்பார்களா என்று உட்கார்ந்திருக்க வேண்டும்.