பதில்: அப்பா அறையை விட்டு வெளியே வருவதே இல்லை

அம்மா போன பிறகு அப்பா அறையிலேயே அடைந்து கிடக்கிறார், முதியோர் சங்கத்துக்குக் கூப்பிட்டால் எரிந்து விழுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கனத்துப் போனது.

முதலில் ஒன்று: அவருக்குக் காது சரியாகக் கேட்கிறதா? டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறார் என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது. நாலு பேர் பேசும் இடத்தில் பாதி புரியாமல் போனால், சிரித்துச் சமாளிப்பதைவிட ஒதுங்கியிருப்பதே மேல் என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். என் மாமாவும் அப்படித்தான். காதுக் கருவி வந்த பிறகுதான் பேச்சே திரும்பியது. லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணையம் வெளியிட்ட 2024 அறிக்கை, மறதிநோய்க்கு நாம் மாற்றக்கூடிய 14 காரணிகளில் காது கேளாமையையும் தனிமைப்படுதலையும் சேர்த்திருக்கிறது. காதுப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம், 'போய் நாலு பேரோடு பழகுங்கள்' என்று சொல்ல வேண்டாம். கணக்கு ஆசிரியராக இருந்தவர் என்கிறீர்களே, தெரிந்த பிள்ளை ஒன்றுக்கு வாரம் இரண்டு நாள் சொல்லித்தரும்படி கேளுங்கள். துணை வேண்டுமா என்றால் மறுப்பவர், உதவி வேண்டும் என்றால் எழுந்து வரக்கூடும்.

தூக்கமும் பசியும் குறைந்திருந்தால் மட்டும் காத்திருக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். துக்கத்தோடு மனச்சோர்வும் சேர்ந்திருக்கலாம்.