2004: நீங்கள் எழுதாத பாதி

அன்புள்ள ஐயா,

கூடைப்பந்தில் 2004ஆம் ஆண்டைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏப்ரலில் எமேகா ஒகாஃபோரின் கனெக்டிகட் அணி கல்லூரிப் பட்டத்தை வென்றது. ஜூனில் தொழில்முறை லீக்கான என்பிஏவின் இறுதித் தொடரில் நட்சத்திரங்கள் நிறைந்த லேக்கர்ஸை டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் 4-1 என்று வீழ்த்தியது. ஆகஸ்டில் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்கா மூன்று ஆட்டங்களில் தோற்று வெண்கலத்தோடு திரும்பியது. ‘அமெரிக்கக் கூடைப்பந்து மண்ணைக் கவ்விய ஆண்டு’ என்று தலைப்பு வைத்திருக்கிறேன். பிஸ்டன்ஸை வெல்லவைத்த லாரி பிரவுன்தான் ஒலிம்பிக் அணிக்கும் பயிற்சியாளர். இளம் வீரர்கள் லெப்ரானையும் கார்மெலோவையும் பெஞ்சிலேயே உட்காரவைத்த அவர்தானே தோல்விக்குக் காரணம்? லேக்கர்ஸின் ஷாக்கும் கோபியும் போயிருந்தால் கதையே வேறு அல்லவா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அமெரிக்க வீராங்கனை டயானா டுராசி ஓய்வு பெற்றதிலிருந்து அந்த ஆண்டு அவ்வப்போது என் நினைவில் வந்துபோகிறது. அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. ஆவலோடு படித்தேன், எரிச்சலோடு முடித்தேன்.

முதலில் ஷாக், கோபி. ‘அவர் வந்திருந்தால்’ என்பது டீக்கடை வாதம், விட்டுவிடுங்கள். வந்தவர்கள் மட்டும் என்ன சாமானியர்களா? டங்கன், ஐவர்சன், வேட் எல்லாரும் இருந்தார்கள். முதல் ஆட்டத்தில் போர்ட்டோ ரிக்கோ கூடைக்கடியில் கூட்டமாக நின்று வழியை அடைத்துக்கொண்டு, ‘வெளியே நின்று எறிந்துகொள்ளுங்கள்’ என்று விட்டுவிட்டது. அமெரிக்கா எறிந்த 24 மூன்று புள்ளி வீச்சுகளில் 3 மட்டுமே விழுந்தன. 92-73 என்று தோல்வி. அரையிறுதியில் 29 புள்ளிகள் எடுத்து அமெரிக்காவைத் தோற்கடித்த அர்ஜென்டினாவின் ஜினோபிலியும், அவரோடு ஆடிய சான்செஸ், மான்டெக்கியாவும் பாஹியா பிளாங்கா என்ற ஒரே ஊர்க்காரர்கள். அந்த அர்ஜென்டினா 2002லேயே இண்டியானாபொலிஸில் அமெரிக்காவை அதன் சொந்த மண்ணில் வென்றுவிட்டது. ஆகவே ஏதென்ஸில் நடந்ததை விபத்து என்று எழுதாதீர்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ‘அமெரிக்கக் கூடைப்பந்து’ என்கிறீர்களே, எந்த அமெரிக்கக் கூடைப்பந்து? ஏதென்ஸ் தொடக்க விழாவில் அமெரிக்கக் கொடியைத் தூக்கி முன்னால் நடந்தவர் யார் தெரியுமா? டான் ஸ்டேலி. கூடைப்பந்து வீராங்கனை. அவர் கொடி பிடித்து நடந்த இரண்டாம் நாள் ஆண்கள் போர்ட்டோ ரிக்கோவிடம் உதை வாங்கினார்கள். அவருடைய அணியோ ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல், ஆகஸ்ட் 28 அன்று ஆஸ்திரேலியாவை 74-63 என்று வென்று தங்கம் வாங்கியது. ஆண்கள் வெண்கலத்துக்காக லித்துவேனியாவோடு ஆடியதும் அதே நாளில்தான். மண்ணைக் கவ்வியது யார், எஸ்.?

கனெக்டிகட் விஷயத்தில் நீங்கள் செய்திருப்பது இன்னும் மோசம். ஏப்ரல் 5 அன்று ஆண்கள் பட்டம் வென்றார்கள், சரி. மறுநாள் இரவு என்ன நடந்தது? அதே பல்கலைக்கழகத்தின் பெண்கள், டுராசியின் தலைமையில், டென்னசியை 70-61 என்று வென்று தொடர்ந்து மூன்றாவது முறையாகப் பட்டத்தை எடுத்தார்கள். கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் பிரிவில் இரண்டு பட்டமும் ஒரே ஆண்டில் ஒரே பல்கலைக்கழகத்துக்குப் போனது அதுதான் முதல் தடவை. அந்த ஆண்டு வரலாற்றில் நிற்பதே அதனால்தான். நீங்கள் ஒரு சாதனையைப் பாதியாக வெட்டி, வெட்டிய துண்டைக் கட்டுரையில் வைத்திருக்கிறீர்கள்.

கல்லூரி, தொழில்முறை, சர்வதேசம் என்று மூன்றையும் ஒரே கட்டுரையில் கோக்க ஓர் ஆள் தேடுகிறீர்கள் போலிருக்கிறது. ஒகாஃபோரும் ஏதென்ஸ் போனார், பெரும்பாலும் பெஞ்சில் இருந்தார். டுராசியைப் பாருங்கள். ஏப்ரலில் கல்லூரிப் பட்டம், அதே மாதம் பெண்கள் தொழில்முறை லீக்கில் பீனிக்ஸ் அணியின் முதல் தேர்வு, ஆகஸ்டில் தங்கம், ஆண்டு முடிவில் லீக்கின் சிறந்த புதுமுகம். அவருடைய அம்மா அர்ஜென்டினாக்காரர் என்பதையும் சேர்த்துக்கொண்டால், நீங்கள் தேடும் நூல் முழுவதும் கைக்கு வந்துவிடுகிறது.

எங்கள் ஊரில் கோடை விடுமுறையில் கூடைப்பந்துப் போட்டி நடக்கும். ஆண்கள் ஆட்டம் இரவு ஏழு மணிக்கு, விளக்கு வெளிச்சத்தில், மைக் வர்ணனையோடு. பெண்கள் ஆட்டம் பிற்பகல் மூன்று மணிக்கு. சிமெண்ட் தரை காய்ந்து, கேன்வாஸ் ஷூவின் அடி ரப்பர் இளகித் தரையில் ஒட்டும். ஸ்கோர் எழுத வேண்டியவர் சாப்பிடப் போயிருப்பார். நான்தான் வேப்பமரத்தடியில் கரும்பலகையைச் சாத்திவைத்துச் சாக்கட்டியால் எழுதுவேன். வெளியூர் அணியில் ஒல்லியான ஓர் அக்கா இருந்தார். பந்தைத் தட்டிக்கொண்டே நிற்க மாட்டார், கைக்கு வந்த கணமே அடுத்தவருக்குப் போய்விடும். ஒவ்வொரு கூடைக்குப் பிறகும் என் பலகையைத் திரும்பிப் பார்ப்பார், நான் எழுதிவிட்டேனா என்று. ஒருமுறை இரண்டு புள்ளி விட்டுப்போனதாகச் சண்டைக்கே வந்துவிட்டார். மறுநாள் பத்திரிகையில் ஆண்கள் ஆட்டம் அரைப் பத்தி வந்தது. அந்த அக்காவின் புள்ளிகள் என் கரும்பலகையோடு அழிந்தன. உங்கள் கடிதம் எனக்கு எரிச்சல் தந்தது ஏன் என்று இப்போது புரிகிறதா?

1992ஐயும் பாருங்கள். பார்சிலோனா ஒலிம்பிக்கில் ‘ட்ரீம் டீம்’ என்ற அமெரிக்க ஆண்கள் அணி தங்கம் வாங்கியபோது அமெரிக்கப் பெண்களுக்கு வெண்கலம்தான். அதற்கு அவர்கள் என்ன செய்தார்கள்? அட்லாண்டா ஒலிம்பிக்குக்கு முன் ஏறத்தாழ ஓராண்டு ஒன்றாகவே சுற்றினார்கள். 52 ஆட்டங்கள், 52 வெற்றிகள். பிறகு தங்கம். அந்த அணியில் இருந்த ஸ்டேலி, லெஸ்லி, ஸ்வூப்ஸ் மூவரும் ஏதென்ஸிலும் ஆடினார்கள். பாஹியா பிளாங்காவின் பிள்ளைகளுக்கும் இவர்களுக்கும் பொதுவாக இருந்தது சேர்ந்து பழகிய காலம். பணமும் பேரும் நிறைய இருந்த அணிக்கு அந்தக் காலம் வாய்க்கவில்லை.

லாரி பிரவுனைப் பற்றிக் கேட்டீர்கள். பிஸ்டன்ஸை அவர் ஒரு சீசன் முழுவதும் பழக்கினார், ஒலிம்பிக் அணி அவர் கையில் சில வாரங்கள்தான் இருந்தது. 19 வயது லெப்ரானுக்குக் கூடுதல் நேரம் கொடுத்திருக்கலாம்தான். கட்டுரையில் அதற்கு இரண்டு வரி போதும், மிச்ச இடம் உங்களுக்குத் தேவைப்படும். முதலில் அந்தத் தலைப்பைக் கிழித்துப் போடுங்கள். உங்கள் உரைநடை நன்றாக இருக்கிறது. திருத்தி எழுதி அனுப்பினால் ஒரு வரி விடாமல் படிப்பேன்.